பெயர் தெரியாத அருவிக்குக் காட்டு வழியே போகலாமா?

"காட்டுக்குள் ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு அருவி இருக்கிறது. வரைபடத்தில் ஓடை தெரிகிறது, பாதை தெரியவில்லை. நாங்கள் நான்கு பேர், நன்றாக நடப்போம். ஓடையைப் பிடித்துக்கொண்டே போனால் அருவி வந்துவிடும்தானே? என்ன ஷூ போடுவது, அங்கே குளிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், "பெரிய அருவிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறோம், அதனால் பயமில்லை" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. ஷூவைப் பற்றிக் கேட்டாலும், நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு: பெயர் பெற்ற அருவிகளில் கிடைத்த அனுபவம் இந்த இடத்தில் எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும்?

காட்டுப் பாதைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதுதான் பல வருடமாக என் வேலை. ஓடும் நீரில் மீட்புப் பயிற்சியும், மருத்துவமனை பக்கத்தில் இல்லாத இடத்தில் முதலுதவி செய்யும் பயிற்சியும் எடுத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் இடத்தை நான் பார்த்ததில்லை. அதனால் போங்கள் என்றோ போகாதீர்கள் என்றோ இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. எதையெல்லாம் பார்த்து நீங்களே முடிவெடுக்கலாம் என்பதைச் சொல்கிறேன்.

பெயர் பெற்ற அருவியில் பாதி முடிவுகளை உங்களுக்காக வேறு யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். எதுவரை போகலாம் என்பதைக் கம்பி சொல்லும். எந்தப் பாறை ஆபத்து என்று பலகை சொல்லும். தண்ணீர் அதிகமானால் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்புவார்கள். மழை நாளில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூட்டமே ஒரு பாதுகாப்பு. வழுக்கி விழுந்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். பெயர் தெரியாத அருவியில் இது எதுவும் கிடையாது. அங்கே கம்பியும் நீங்கள்தான், விசிலும் நீங்கள்தான். இந்த முடிவுகளில் பெரும்பாலானவற்றை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே எடுத்துவிட வேண்டும். நாலு மணி நேரம் நடந்து, அருவிச் சத்தம் காதில் விழுந்த பிறகு யாருக்கும் திரும்ப மனசு வராது.

முதலில் அனுமதி. அந்தக் காடு யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் கேட்காமல் நுழையாதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்கள் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாவிட்டால் தேடி ஆள் வராது. ஒரு பாதையை மூடி வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காட்டுத்தீக் காலமாக இருக்கலாம், மண் சரிந்திருக்கலாம், குட்டியோடு விலங்குகள் நடமாடலாம், மேலே இருக்கும் அணையில் தண்ணீர் திறக்கலாம். கடைசியாகச் சொன்னதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஓடைக்கு மேலே அணையோ நீர்மின் நிலையமோ இருந்தால், ஒரு சொட்டு மழைகூட இல்லாமல் தண்ணீர் திடீரென்று ஏறும்.

அடுத்து, காட்டை ஒட்டி வாழ்கிறவர்கள். ஒருவருமே போகாத அருவி என்று அநேகமாக எதுவும் கிடையாது. பெரு நாட்டில் கோக்டா என்று ஒரு அருவி, 771 மீட்டர், இரண்டு தட்டாக விழுகிறது. ஸ்டெஃபான் ஸீமென்டோர்ஃப் என்ற ஜெர்மானியர் 2002இல் அதைப் பார்த்து, அதன் உயரம் 2006இல் அறிவிக்கப்பட்ட பிறகுதான் வெளியுலகம் அதைப் பற்றிப் பேசியது. பக்கத்து ஊர்க்காரர்களுக்கோ அது எப்போதும் கண்ணெதிரே இருந்த அருவி. உங்கள் அருவியையும் யாரோ ஒருவர் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். வழி எது என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் எதுவரை ஏறிப் பார்த்திருக்கிறீர்கள், யாரையாவது அடித்துக்கொண்டு போயிருக்கிறதா, எந்த இடத்தில், எந்தப் பக்கமாக இறங்குவீர்கள், எந்த மாதத்தில் நீங்களே போக மாட்டீர்கள் என்று கேளுங்கள். அவர் கூட வருவதாக இருந்தால் நியாயமான கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் விட இது பெரிய காப்பு.

தூரத்தைக் கிலோமீட்டரில் யோசிக்காதீர்கள், மணியில் யோசியுங்கள். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைக்கும் மலை நடைக்கு இதை அடிப்படையாக வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். உங்கள் ஆறு கிலோமீட்டரில் 450 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால் சுமார் இரண்டு மணி நேரம் வரும். ஆனால் அது நல்ல பாதையில், திடமாக நடக்கிறவருக்கு, ஓய்வைச் சேர்க்காமல் சொன்னது. விழுந்த மரம், புதர், ஓடைக் கடப்பு எல்லாம் உள்ள காட்டு வழிக்கு நான் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வேன். இந்த இரண்டு என்பது என் அனுபவத்தில் வந்தது, அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திரும்பி வரும்போது இறக்கம்தானே, சீக்கிரம் வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஈரமான இறக்கத்தில், களைத்த காலோடு, ஏறின நேரமேதான் ஆகும். ஆக நாலு மணி நேரம் போக, நாலு மணி நேரம் வர, அங்கே ஒரு மணி நேரம்: ஒன்பது மணி நேரம்.

இதிலிருந்துதான் திரும்பும் நேரம் வருகிறது. காலை ஆறரைக்குக் கிளம்பினால், பதினொன்றரைக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று முதலிலேயே நாலு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அருவி தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. காட்டுக்குள் சாயங்காலம் சீக்கிரம் வரும். அடர்ந்த மழைக்காட்டில் மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேரும். அருவிகள் இருப்பதோ குறுகலான பள்ளங்களில். வெளியே வெயில் அடிக்கும்போதே அங்கே மங்கிவிடும். வேர் எது, பாம்பு எது, பள்ளம் எது என்று தெரியாத அந்த அரை மணி நேரத்தில்தான் கணுக்கால் பிசகும்.

சரி, ஓடையைப் பிடித்துக்கொண்டு போகலாமா? வேண்டாம். நீங்கள் கேட்டதில் நான் உறுதியாக மறுப்பது இது ஒன்றைத்தான். ஓடை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போகும் என்பது உண்மைதான். ஆனால் அருவி உள்ள ஓடையில் ஒரே ஒரு அருவி இருப்பது அபூர்வம். நீங்கள் பார்க்கப் போகும் பெரிய விழுச்சிக்குக் கீழே ஐந்தடி, பத்தடி, இருபதடி என்று சின்னச் சின்ன விழுச்சிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஈரப் பாறையைத் தொற்றி ஏற வேண்டி வரும். ஏறுவது சுலபம், இறங்குவதுதான் சிரமம். ஏறும்போது பிடி கண்ணுக்கு எதிரே இருக்கிறது, இறங்கும்போது காலுக்கு அடியில் மறைந்திருக்கிறது. மூன்று இடத்தில் கஷ்டப்பட்டு ஏறியவர்கள் நாலாவது இடத்தில் மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் மாட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளத்துக்குள் இருக்கும்போது வெள்ளம் வந்தால் ஒதுங்கக் கரையும் இருக்காது. அந்தப் பகுதியில் நடமாடுகிறவர்கள் பழக்கிய ஒற்றையடிப் பாதைகளைப் பாருங்கள். பெரும்பாலும் அவை ஓடையை விட்டு விலகி, சரிவின் பக்கவாட்டிலோ மேட்டின் முதுகிலோ போய், கடைசியில் மட்டும் அருவிக்கு இறங்கும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. வழி தவறினால் தண்ணீரைப் பின்தொடர்ந்து கீழே போ, ஊர் வந்துவிடும் என்று ஒரு அறிவுரை எல்லோர் வாயிலும் இருக்கிறது. சமவெளிக் காட்டில் அது பலிக்கலாம். அருவி உள்ள மலையில் அது உங்களைச் செங்குத்துப் பாறையின் விளிம்புக்குத்தான் கொண்டுபோய் விடும். வழி தெரியவில்லை என்று தோன்றியவுடன் நில்லுங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது என்று யோசித்து, வந்த வழியிலேயே அங்கே திரும்ப முடிகிறதா பாருங்கள். அது பத்து நிமிடத்துக்குள் முடியாவிட்டால், ஓடையின் இரைச்சலிலிருந்து கொஞ்சம் தள்ளி, மேட்டில், நாலு பேரும் ஒன்றாக உட்காருங்கள். விசிலை மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடியும் மூன்று முறை ஊதுங்கள். நகராமல் இருக்கிறவரைக் கண்டுபிடிப்பது எளிது. போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து, நடக்கும் வழியைப் பதிவு செய்துகொண்டே போவது நல்லதுதான். ஆனால் ஆழமான பள்ளத்தில் வானம் கொஞ்சமாகத்தான் தெரியும், செயற்கைக்கோள் சிக்னல் பாறையில் பட்டு எதிரொலித்து வரும். புள்ளி உங்களை எதிர்க்கரையில் காட்டினாலும் காட்டும். அதனால் ஒவ்வொரு பிரிவிலும் திரும்பி நின்று, நீங்கள் வந்த வழி திரும்பும்போது எப்படித் தெரியும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது பார்க்கிற காடு வேறு, வரும்போது பார்க்கிற காடு வேறு.

இனி தண்ணீர். என்னை நிறையப் பேச வைப்பது இதுதான், ஏனென்றால் அருவிப் பாதையில் உயிர் போகும் இடம் பெரும்பாலும் இதுதான். ஓடும் நீர் உங்கள் காலைத் தள்ளும் விசை அதன் வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்காகும். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே பெரிய ஆளைக் கீழே தள்ளிவிடும். கடக்க வேண்டியிருந்தால் அகலமான, ஆழம் குறைந்த, பல கிளையாகப் பிரிந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். குறுகலான இடம் கிட்டத்தில் தெரியும், ஆனால் அங்கே ஆழமும் வேகமும் அதிகம். இறங்கும் முன் கீழ்ப்பக்கம் போய்ப் பாருங்கள்: விழுந்தால் தண்ணீர் எங்கே கொண்டுபோகும்? மரக்கிளைகள் குறுக்கே கிடந்தாலோ, சற்றுத் தள்ளி ஒரு விழுச்சி இருந்தாலோ அந்த இடத்தில் கடக்கக் கூடாது. பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட வசதியாக இருக்கும். ஷூவைக் கழற்றாதீர்கள். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கம்பை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகருங்கள். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கவே கூடாது. விழுந்தால் கயிறு இறுகி, நீர் உங்களை அடியில் அழுத்தி வைத்துவிடும். தவறி விழுந்துவிட்டால் ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், பாதம் கல் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். மல்லாந்து, கால்கள் நீர் போகும் திசையில் மேலே தெரிய மிதந்து, வேகம் குறைந்தவுடன் கரைக்கு நீந்துங்கள்.

உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் காட்டாற்று வெள்ளம் வரும். உங்கள் ஓடைக்குத் தண்ணீர் கொடுப்பது மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும். அங்கே பெய்கிற மழை, மண் குறைந்த செங்குத்துப் பாறைச் சரிவுகளில் உட்காராமல் அப்படியே வழிந்து ஓடையில் சேரும். அதனால் வானிலை அறிக்கையை அருவி இருக்கும் இடத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது, ஓடை பிறக்கும் மலைக்கும் பாருங்கள். இடத்துக்குப் போனதும் கரையில் உள்ள மரங்களைக் கவனியுங்கள். தாழ்ந்த கிளைகளில், வேர்களில், காய்ந்த புல்லும் சுள்ளியும் செத்தையும் ஒரே மட்டத்தில் சிக்கிக் காய்ந்திருக்கும். முன்பு வந்த வெள்ளம் எதுவரை ஏறியது என்பதற்கான அளவுகோல் அது. அந்தச் செத்தை உங்கள் தலைக்கு மேலே இருந்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் ஆள் முழுகும் தண்ணீர் ஓடியிருக்கிறது. சாப்பிட உட்காருவதோ, பையை வைப்பதோ, கூடாரம் போடுவதோ அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கடப்பிலும் நீர் விளிம்பில் ஒரு குச்சியைக் குத்தி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது அந்தக் குச்சி எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று தெரியும். அருவிக்குப் போனதும் அதேபோல ஒரு பாறையைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் ஈரக் கோட்டைப் பார்ப்பது ஒருவர் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த தண்ணீர் லேசாகக் கலங்குவது, இலைத்துணுக்கும் சுள்ளியும் நுரையும் திடீரென்று மிதந்து வருவது, அருவியின் சத்தம் மாறுவது, நனையாதிருந்த கல் நனைவது: இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த நொடியே மேட்டுக்கு ஏறுங்கள். ஓடையோரமாகக் கீழே ஓடாதீர்கள், பக்கவாட்டில் மேலே ஏறுங்கள். பை போனால் போகட்டும். இந்த அடையாளங்கள் எல்லாம் முன்கூட்டியே, வரிசையாக வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சில நேரம் அரை மணி நேரம் கிடைக்கும், சில நேரம் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. மழை பெய்தால் எத்தனை மணி நேரத்தில் இங்கே தண்ணீர் வரும் என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் நம்பாதீர்கள். மழை எங்கே பெய்கிறது, மண் ஏற்கெனவே எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அது நாளுக்கு நாள் மாறும். நீங்கள் எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் காத்திருங்கள். சின்ன ஓடைகளில் வெள்ளம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடியும். ஒரு ராத்திரி குளிரில் உட்கார்ந்திருந்தால் உயிரோடு வீட்டுக்கு வரலாம்.

அருவியின் அடிவாரத்துக்கு வருவோம். கடைசி நூறு மீட்டர் முழுக்கச் சாரல் படும் இடம். அங்கே கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாசிப்படலம் இருக்கும். பச்சையாகத் தெரியும் பாசியை எல்லோரும் ஒதுக்கிவிடுவார்கள். கறுப்பாக, வெறும் ஈரம்போலப் பளபளக்கும் பாறைதான் ஏமாற்றும். காலை வைக்கும் முன் ஷூ நுனியால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள், வழுவழுவென்று நகர்ந்தால் அதில் எடையைப் போடாதீர்கள். சொரசொரப்பாக, காய்ந்து வெளிறியிருக்கும் கல்லை மிதித்துப் போங்கள். முக்கியமாக, நடக்கும்போது நடங்கள், படம் எடுக்கும்போது நின்று எடுங்கள்.

நேர் கீழே போய் நிற்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தண்ணீரோடு கல்லும் கட்டையும் விழும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு கல் தரைக்கு வரும்போது மணிக்குச் சுமார் 87 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். பல அருவிகளில் மேலே கடினமான பாறை, கீழே மென்மையான பாறை. தண்ணீரும் சாரலும் கீழ்ப்பாறையைக் குடைந்துகொண்டே போக, மேற்பாறை தாங்கல் இல்லாமல் துருத்திக்கொண்டு நிற்கும், ஒருநாள் இடியும். நயாகராவில் பார்வையாளர்கள் ஏறி நின்று வேடிக்கை பார்த்த டேபிள் ராக் என்ற துருத்திய பாறையின் பெரும்பகுதி 1850இல் அப்படித்தான் இடிந்து விழுந்தது. அருவிக்குப் பின்னால் உள்ள குகைபோன்ற இடமும் இதே வேலையால் உண்டானதுதான். அடிவாரத்தில் கிடக்கும் கற்களைப் பாருங்கள். பாசி பிடிக்காமல், முனை மழுங்காமல், உடைந்த பக்கம் வெளிர் நிறமாக இருக்கும் கற்கள் கிடந்தால் அவை சமீபத்தில் விழுந்தவை. அங்கே உட்கார வேண்டாம்.

குளிக்கலாமா என்றால், எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. விழும் தண்ணீர் நேராக அடிவரை இறங்கி, கொஞ்சம் தள்ளி மேலே கொப்பளித்து வரும். அப்படி வந்ததில் ஒரு பங்கு மேற்பரப்பிலேயே அருவியை நோக்கித் திரும்பிப் போகும். அந்தச் சுற்றில் மாட்டினால் வெளியே நீந்த நீந்த உள்ளே இழுக்கும். அந்த வெள்ளை நுரைத் தண்ணீரில் பாதி காற்று, அதனால் உடம்பு சாதாரணத் தண்ணீரில் மிதப்பதுபோல மிதக்காது, கையால் துழாவினாலும் பிடிமானம் கிடைக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இறப்பது இதனால்தான். ஒரு காய்ந்த சுள்ளியை நுரைக்கு வெளியே எறிந்து பாருங்கள். அது அருவியை நோக்கி நகர்ந்தால் அந்த இடத்தில் இறங்கவே கூடாது. வெளியே நகர்ந்தால் பாதுகாப்பு என்று அர்த்தமா? அதுவும் இல்லை. சுள்ளி மேற்பரப்பை மட்டும்தான் காட்டும். அடியில் இருக்கும் இழுவையும், பாறைக் குடைவும் அதில் தெரியாது. கீழ்ப்பக்கம் தண்ணீர் ஆறி, அடி தெரிகிற ஆழமற்ற இடம் இருக்கும். குளிப்பதாக இருந்தால் அங்கே, ஒருவர் கரையில் நிற்க, மற்றவர்கள் நனையுங்கள்.

தெளிந்த தண்ணீரில் ஆழம் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். ஒளி வளைவதால் 4 மீட்டர் ஆழம் நேர் மேலிருந்து பார்த்தால் 3 மீட்டர்போலத் தோன்றும். இடுப்பளவு என்று நினைத்து இறங்கினால் நெஞ்சுவரை வரும். மேலிருந்து குதிப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். 10 மீட்டரிலிருந்து குதித்தால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடுவீர்கள். போன வருடம் ஒருவர் குதித்துப் பத்திரமாக எழுந்திருக்கலாம். அதற்கப்புறம் வந்த வெள்ளம் அங்கே எந்த மரத்தைக் கொண்டுவந்து செருகியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நடந்து வேர்த்த உடம்போடு குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று விழுந்தால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் அவ்வளவுதான். மெதுவாக இறங்கி, முதல் ஓரிரு நிமிடம் மூச்சு சீராகும் வரை நின்ற இடத்திலேயே இருங்கள்.

அருவியின் தலைப்பக்கத்தில் இதைவிடக் கறாராக இருங்கள். விளிம்பை நெருங்க நெருங்க தண்ணீர் வேகம் பிடிக்கும், பாறையோ காலம் காலமாகத் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று கடந்தவர் வழுக்கினால் பிடித்து நிற்க ஒன்றும் இருக்காது. விழுச்சிக்கு மேலே ஓடையைக் கடப்பதும், விளிம்பில் போய் எட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

உடம்புக்கு வருபவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காட்டு ஓடைத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் சுத்தம் என்று அர்த்தமில்லை. ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டுக் குடிக்கலாம். விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் தோல் கீறல் வழியாக எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாளில் தெரியும், ஒரு மாதம் வரையும் ஆகலாம். போய் வந்து காய்ச்சல் அடித்தால் அருவியில் நனைந்தேன் என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அவருக்குத் தானாகத் தெரிய வழியில்லை. அட்டை கடித்தால் நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தைத் தள்ளி எடுத்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் நெடுநேரம் கசியும், பயப்பட வேண்டியதில்லை. பாம்பு கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட காலை அசையாமல் வைத்து, ஆளை முடிந்தவரை நடக்கவிடாமல், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும்போது அதை எப்படிச் செய்வீர்கள் என்பதைக் கிளம்பும் முன் நாலு பேரும் யோசித்திருக்க வேண்டும்.

ஷூ பற்றிக் கேட்டீர்கள். ஆழமான பள்ளங்கள் உள்ள ரப்பர் அடி, காலோடு பிடிக்கும் அளவு, ஏற்கெனவே போட்டுப் பழகியது. இவ்வளவு போதும். ஈரப் பாசியில் வழுக்காத ஷூ என்று எதுவும் கிடையாது. பையில் தலையில் மாட்டும் டார்ச், மாற்று பேட்டரி, விசில், மழைக்கோட்டு, ஒரு காய்ந்த உடை, முதலுதவிப் பொருள்கள், தேவைக்கு மேல் ஒருவேளைச் சாப்பாடு. காய்ந்த உடையைத் தண்ணீர் புகாத உறையில் வையுங்கள். நனைந்த உடம்போடு இரவு தங்க நேர்ந்தால் வெப்பமான பகுதியில்கூட உடல் ஆபத்தான அளவுக்குக் குளிர்ந்துவிடும்.

அந்த இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அருவியோரம் என்பது காட்டுக்குள் இன்னொரு உலகம். போர்னியோவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழும் சில ஓடைத் தவளைகள், தண்ணீர் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் பின்னங்காலை நீட்டி, விரல்களை விரித்துக் காட்டி மற்ற தவளைகளோடு பேசுகின்றன. சீனாவில் ஒரு ஓடைத் தவளை மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியையும் எழுப்புகிறது என்று 2006இல் கண்டறிந்தார்கள். சாரல் படும் ஒரு கல்லை ஐந்து நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டிருங்கள், உங்கள் ஊர் அருவியிலும் ஏதாவது ஒன்று நகரும். இப்படிப்பட்ட தவளைகளை உலகம் முழுவதும் கொன்றுகொண்டிருக்கிறது கைட்ரிட் என்ற பூஞ்சை. ஈரமான ஷூவிலும் சேற்றிலும் அது ஒரு ஓடையிலிருந்து இன்னொரு ஓடைக்குப் போக முடியும். அதனால் வேறு காட்டில் நடந்த ஷூவைச் சேறு போகக் கழுவி, முழுசாகக் காயவைத்துப் போட்டுக்கொண்டு போங்கள். கொசு மருந்தும் சன்ஸ்க்ரீனும் பூசிய உடம்போடு தடாகத்தில் இறங்காதீர்கள். சோப்பு, ஷாம்பு வேண்டாம். மலம் கழிக்கத் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்கள். படம் போடுவதாக இருந்தால் துல்லியமான இடக்குறியை அதோடு போடாதீர்கள். அதைப் பார்த்து வருகிறவர்களுக்கு இவ்வளவும் தெரிந்திருக்காது.

ஆக, நீங்கள் கேட்டதற்கு: வழி தெரிந்த ஒருவர் கூட வருகிறார், அனுமதி இருக்கிறது, ஓடை பிறக்கும் மலையில் இரண்டு மூன்று நாளாக மழை இல்லை, இனியும் வராது என்று அறிக்கை சொல்கிறது, விடிந்ததும் கிளம்புகிறீர்கள் என்றால் நான் போவேன். வழி தெரிந்தவர் கிடைக்கவில்லை என்றால், முதல் தடவை அருவிவரை போகும் எண்ணமே இல்லாமல், பாதியளவு போய்ப் பாதையைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். மழைக்காலம் என்றால் மழை நின்று தண்ணீர் தெளியும் வரை தள்ளிப்போடுவேன். நாலு பேரில் ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை என்றாலும் திரும்பிவிடுவேன், காரணம் கேட்க மாட்டேன்.

கிளம்பும் முன், வீட்டில் இருக்கும் ஒருவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: யார் யார் போகிறோம், எந்த வழியில் நுழைகிறோம், வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு வெளியே வருவோம், எத்தனை மணிவரை போன் வரவில்லை என்றால் யாரை அழைக்க வேண்டும். அந்தக் கடைசி நேரத்தை நீங்கள் வெளியே வருவதாகச் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து வையுங்கள். சிக்னல் கிடைத்த முதல் இடத்திலேயே அவருக்கு வந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.